கண்டாங்கியில் டை தைத்தால் கசங்காதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கோட்டும் சட்டையும் தைத்துக்கொண்டிருந்த கடையில் சில வருடங்களாக டையும் சேர்ந்துகொண்டது. அதிலும் கண்டாங்கித் துணியில், அதாவது எங்கள் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்திச் சேலைத் துணியில், டை வேண்டும் என்று வருகிறவர்கள்தான் அதிகம். ரிசப்ஷனுக்குக் கட்ட மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையனுக்கு நம் ஊர் அடையாளமாக ஒன்று அனுப்ப ஆச்சிகள் வருவார்கள். ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. கடையில் ஒருவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் போனில் இன்னொருவர் அதையே கேட்பார்.

அதனால் கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசும்.

டைன்னா ஒரு நீளத் துணிதானே அண்ணே, அதுல தைக்க என்ன இருக்கு?

பார்க்க ஒரு துணி. பிரித்தால் உள்ளே தனி உலகம். மேல்துணி பெரும்பாலும் மூன்று துண்டு: முன்னால் தொங்கும் அகல முனை, கழுத்தைச் சுற்றும் நடுத்துண்டு, பின்னால் மறையும் குறுகல் முனை. அதற்குள்ளே நீளம் முழுக்க ஒரு கேன்வாஸ், அதாவது டைக்கு உருவம் கொடுக்கும் உள்துணி, நல்ல டையில் அது கம்பளி. இரண்டு முனைகளின் உட்புறத்திலும் மெல்லிய லைனிங். பின்பக்கம் நடுவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் ஒற்றை நூல், அந்த நூல் ஆரம்பிக்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒவ்வொரு கட்டுத் தையல், அப்புறம் குறுகல் முனையைச் செருக ஒரு வளையம். நீளம் ஏறக்குறைய 145 முதல் 150 செ.மீ., அகலம் 7 முதல் 9 செ.மீ.

ஒரு நாளைக்கு இரண்டு முறை முறுக்கி, முடிச்சுப் போட்டு, இழுத்து, அவிழ்க்கிற துணி வேறு எதுவும் நம் உடம்பில் கிடையாது. அத்தனைக்கும் பிறகு பழையபடி நேராகத் தொங்க வேண்டும் என்றால் மேலே சொன்ன ஒவ்வொன்றும் சரியாக அமைய வேண்டும்.

கடையில வாங்கும்போதே நல்ல டையா மட்டமான டையான்னு எப்படிப் பார்க்கிறது?

நடுத்துண்டில் பிடித்துத் தொங்கவிடுங்கள். இரண்டு முனையும் அசையாமல் நேராகத் தொங்கினால் சரி, தானாகச் சுற்றித் திரும்பினால் வெட்டு சரியில்லை. அடுத்து, அகல முனைக்குக் கொஞ்சம் மேலே உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பத்து எண்ணிவிட்டு விடுங்கள். மடிப்பு மெதுவாக விரிய ஆரம்பித்தால் உள்ளே நல்ல கேன்வாஸ் இருக்கிறது. கடைசியாக இரு ஓரங்களையும் விரலால் தடவுங்கள். காகிதம் மடித்த மாதிரி கூராக இல்லாமல் உருண்டு, கொஞ்சம் உப்பலாக இருக்க வேண்டும்.

விலைச்சீட்டை விட இந்த மூன்றையும்தான் நான் நம்புவேன்.

துணியை ஏன் கிராஸா வெட்டணும்? நேரா வெட்டினா எவ்வளவு துணி மிச்சம்!

மிச்சம்தான். அந்தக் காலத்தில் அப்படித்தான் வெட்டினார்கள். முடிச்சுப் போடுகிற இடத்தில் சீக்கிரமே நைந்து, முறுக்கிக்கொண்டு, உருவம் கெட்டுப்போகும். 1920-களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லேங்ஸ்டார்ஃப் என்ற டைக்காரர் துணியைக் கிராஸில், அதாவது 45 டிகிரி மூலைவாட்டில், வெட்டி மூன்று துண்டாக இணைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று வரை உலகம் முழுக்க அந்த முறைதான்.

காரணம் எளிது. நீளவாட்டில் ஓடும் பாவு நூலைப் பிடித்து இழுத்தால் துணி நீளாது, குறுக்கே ஓடும் ஊடு நூலைப் பிடித்து இழுத்தாலும் நீளாது. இரண்டுக்கும் நடுவே மூலைவாட்டில் இழுத்துப் பாருங்கள், நீளும், விட்டால் திரும்பி வரும். ஒரு கைக்குட்டையை எதிரெதிர் மூலையில் பிடித்து இழுத்தாலே தெரிந்துவிடும். முடிச்சு இறுகும்போது நூல்கள் உடையாமல், ஒடியாமல், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து இடம் கொடுக்கின்றன. அவிழ்த்தால் பழைய இடத்துக்கு நிமிர்கின்றன. டை உருவம் காக்கிறது என்றால் அதில் பாதி இந்தச் சாய்ந்து நிமிர்வதுதான்.

ஒரு டைக்கு முக்கால் மீட்டராவது துணி வாங்குங்கள். துண்டுகளை நெருக்கி அடுக்கினால் இரண்டாவதும் கிடைக்கலாம், ஆனால் அதை நம்பிக் குறைத்து வாங்க வேண்டாம்.

45 டிகிரி சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஸ்கேல் வச்சா?

ஸ்கேல் வேண்டாம். கரை ஓரத்தை ஊடு நூலோடு சேர்த்து முக்கோணமாக மடியுங்கள், அந்த மடிப்புக் கோடுதான் சரியான கிராஸ். சாக்பீஸால் அதையே வரைந்து அதற்கு இணையாகப் பட்டர்னை வையுங்கள்.

கட்டம் போட்ட துணி என்றால் துணியே உங்களுக்குச் சாட்சி சொல்லும். டையின் அகல முனை செங்கோணமாக, 90 டிகிரியில் முடிகிறது இல்லையா? கிராஸ் சரியாக இருந்தால் அந்த முனையின் ஒரு விளிம்பு பாவு வழியிலும் மறு விளிம்பு ஊடு வழியிலும் போகும். கண்டாங்கியில் கட்டத்தின் கோடு முனையின் விளிம்போடு ஒட்டியே ஓடும். அரை நூல் விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். எனக்கு ஒரு டையில் மிகவும் பிடித்த இடம் அதுதான், முதலில் அதைத்தான் பார்ப்பேன். துண்டுகளை இணைக்கும் தையலையும் இதே மாதிரி நூல் வழியே சாய்வாகப் போடுங்கள். நேர்க்குறுக்கே போட்டால் தையலின் தடிப்பு முழுவதும் கழுத்துக்குப் பின்னால் ஒரே இடத்தில் முண்டாக நிற்கும்.

சட்டைக் காலர்ல ஒட்டுற கேன்வாஸை உள்ள ஒட்டிட்டா விறைப்பா நிக்குமே, அப்புறம் எப்படிக் கசங்கும்?

இந்தப் பக்கத்தை எழுத வைத்த கேள்வியே இதுதான். வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள், தையல் தெரிந்தவர்களும் கேட்கிறார்கள். கசங்காமல் இருப்பது என்றால் விறைப்பாக இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். அட்டை விறைப்புதான், ஒரு தடவை மடித்துப் பாருங்கள், கோடு போகவே போகாது. கம்பளிப் போர்வை தொளதொள என்றிருக்கும், ஒரு வாரம் மடித்து வைத்தாலும் உதறினால் சரியாகிவிடும். டைக்கு வேண்டியது போர்வையின் குணம். வளையாமல் இருப்பதை விட்டுவிடுங்கள், வளைந்துவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

ஒட்டும் கேன்வாஸில் இருப்பது பசை. இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உருகி, மேல்துணியின் ஒவ்வொரு நூலையும் இருந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். முந்தைய பதில்களில் சொன்ன சாய்ந்து நிமிரும் வேலை அத்தோடு நின்றுபோகும். கிராஸில் வெட்டியதற்கே அர்த்தமில்லை. நாலு தடவை முடிச்சுப் போட்டதும் பசை அங்கங்கே விட்டுக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். காலருக்கு அது சரி, காலரை யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

நான் முதன்முதலில் தைத்த டைக்கு இதைத்தான் செய்தேன். மாப்பிள்ளை ரிசப்ஷன் மேடையில் நிற்கும்போது முடிச்சுக்குக் கீழே குறுக்கே மூன்று கோடுகள், போட்டோவில் எல்லாம் விழுந்துவிட்டன. அந்த ஆல்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு சங்கடப்படும். அதன் பிறகு ஒரு டைக்கும் பசை வைத்ததில்லை.

உள்ள கம்பளியா? நம்ம ஊர் வெயில்லயா அண்ணே?

பயப்படாதீர்கள், அது உங்கள் தோலில் படுவதில்லை. சட்டைக்கு மேல் நாலு விரல் அகலத்தில் தொங்கும் ஒரு பட்டை, அவ்வளவுதான். கம்பளி இழை இயற்கையிலேயே நெளிநெளியாக, சுருள்வில் மாதிரி இருக்கிறது. மடித்தால் அந்த நெளி அமுங்கும், விட்டால் எழும்பும். இரண்டாவது கேள்வியில் சொன்ன கசக்கிப் பார்க்கும் சோதனையில் மடிப்பை விரிப்பது மேல்துணி அல்ல, உள்ளே இருக்கும் இந்தக் கம்பளி.

கேன்வாஸையும் கிராஸில்தான் வெட்ட வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேல்துணி நீளும், உள்ளே இருப்பது நீளாது என்றால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். வெட்டுவதற்கு முன் நன்றாக ஆவி காட்டிச் சுருங்க விட்டுவிடுங்கள். டைக்கென்றே நெய்த கம்பளிக் கேன்வாஸ் நம் பக்கம் எளிதில் கிடைக்காது, பெரிய ஊர் மொத்தக் கடைகளில் சொல்லி வரவழைக்க வேண்டும். ஒரே ஒரு டை என்றால் பழைய நல்ல டையைப் பிரித்து அதன் கேன்வாஸை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது மெல்லிய கம்பளிச் சால்வை. அதுவும் இல்லையென்றால் பருத்தி ஃபிளானல். இது மூன்றாம்பட்சம்தான், ஆனால் ஒட்டும் கேன்வாஸை விட எவ்வளவோ மேல்.

பருத்தி மட்டும் ஏன் இப்படிக் கசங்குது? பாலியஸ்டர்ல அந்தத் தொல்லையே இல்லையே?

பருத்தி இழைக்குள் செல்லுலோஸ் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, அவற்றைச் சின்னச் சின்ன ஹைட்ரஜன் பிணைப்புகள் கோத்து வைத்திருக்கின்றன. ஈரம் பட்டால் அந்தப் பிணைப்பு விடும், காய்ந்தால் அப்போது இழை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்து, சூடு வைத்து, அழுத்தி நாம் இஸ்திரி போடுவது இந்தக் குணத்தை வைத்துத்தான். இப்போது மே மாதக் காரைக்குடியில் ஒருவர் டை கட்டி நிற்பதை நினைத்துப் பாருங்கள். கழுத்து வியர்வை ஈரம், உடம்புச் சூடு, முடிச்சின் அழுத்தம். மூன்றும் சேர்ந்தால் இஸ்திரிதான், மடிப்புக்கு இஸ்திரி.

பாலியஸ்டர் ஈரத்தை அனேகமாகக் குடிப்பதே இல்லை. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரம் வைத்திருக்கும், பட்டு 11, கம்பளி 16 வரை போகும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். அதனால்தான் கசங்குவதில்லை. ஆனால் சூட்டில் விழுந்த மடிப்பு அதில் நிலைத்துவிடும், முடிச்சும் வழுக்கி வழுக்கி இறங்கும். கம்பளி அவ்வளவு ஈரம் குடித்தும் எப்படிச் சமாளிக்கிறது என்றால், முன்பு சொன்ன அந்தச் சுருள்.

அப்ப கண்டாங்கியில டையே தைக்கக் கூடாதுன்னு சொல்றீங்களா?

ஐயோ, நான் அப்படிச் சொல்வேனா! 2019-ல் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அந்தக் கட்டங்கள் வேறு எந்தத் துணிக்கும் வராது. அதன் தடிப்பு டைக்கு ஒரு வகையில் நல்லதும்கூட. மெல்லிய மல் துணியில் விழுவது போலச் சின்னச் சின்னச் சுருக்கம் இதில் விழாது, விழுந்தாலும் கட்டத்துக்குள் மறைந்துவிடும்.

மூன்று விஷயம் பாருங்கள். முதலில் துணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து அலசி நிழலில் உலர்த்துங்கள். தறியில் ஏற்றும்போது பாவுக்குப் போட்ட கஞ்சி போக வேண்டும், சுருங்க வேண்டியதும் இப்போதே சுருங்கட்டும். சாயம் போகிற துணியா என்பதும் இதில் தெரிந்துவிடும். அடுத்து, மேல்துணி தடிமன் என்பதால் உள்ளே மெல்லிய கேன்வாஸ். தடித்ததையே வைத்தால் முடிச்சு கொழுக்கட்டை அளவுக்கு வரும். அப்புறம் அகலம், 7.5 செ.மீ. போதும்.

கரையை எங்கே வைப்பது என்றும் கேட்பார்கள். கரை கிராஸில் போனால் டையின் நடுவே சாய்ந்த பட்டையாக வரும், அழகுதான், ஆனால் கரையில் நூல் நெருக்கம் அதிகம் என்பதால் அந்த இடம் மட்டும் கம்மியாக நீளும். முடிச்சு விழும் பகுதியில் கரை வராமல் அடுக்குங்கள். அகல முனைக்கு நாலு விரல் மேலே வந்தால் போதும்.

கஞ்சி போட்டு மொடமொடன்னு வச்சுக்கிட்டா?

ஒட்டும் கேன்வாஸுக்குச் சொன்ன பதில்தான் இதற்கும். வேட்டியில் மடிப்பு நிற்க வேண்டும் என்றுதான் கஞ்சி போடுகிறோம், டையில் மடிப்பு நிற்கக் கூடாது.

ரிங்கிள் ஃப்ரீ சட்டைத் துணி இருக்கே, அந்த மருந்தை இதுக்கும் போட்டுட்டா?

அது ஆலையில் செய்யும் வேலை. ஒரு வகைப் பிசினில் துணியை முக்கி, 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றி, ஏழாவது கேள்வியில் சொன்ன செல்லுலோஸ் சங்கிலிகளை ஒன்றோடொன்று நிரந்தரமாகப் பூட்டுகிறார்கள். ஈரம் பட்டாலும் அந்தப் பூட்டு விடாது, அதனால் கசங்காது. பதிலுக்குத் துணியின் பலம் குறையும். அந்தப் பிசின்களில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு கொஞ்சம் வெளிவரும். வீட்டிலோ கடையிலோ செய்யக் கூடியது அல்ல. ஏற்கெனவே அப்படிப் பதப்படுத்திய துணி கையில் இருந்தால் தாராளமாக டை தைக்கலாம். கைத்தறியை அதில் கொண்டுபோய் முக்க எனக்கு மனசு வராது.

பொண்ணோட கல்யாணப் புடவையிலயே மாப்பிள்ளைக்கு டை தைச்சா மேட்சா இருக்குமே?

அடிக்கடி வரும் ஆசை, நல்ல ஆசை. புடவையில் கை வைக்க வேண்டாம், கடைசியில் வரும் ரவிக்கைத் துணியில் ஒரு டைக்குத் துணி கிடைக்கும், ரவிக்கைக்கு வேறு பார்த்துக்கொள்ளலாம். பட்டு பருத்தியை விட நன்றாகத் திரும்பி வரும். சிக்கல் சரிகையில்தான். பட்டு நூலைச் சுற்றி உலோகம் சுற்றியதுதானே சரிகை, உலோகம் ஒருமுறை மடங்கினால் மடங்கியதுதான். முடிச்சு வரும் இடத்தில் புட்டாவோ சரிகைக் கட்டமோ இருந்தால் முதல் நாளே கோடு விழும், பக்கத்தில் இருக்கும் பட்டிலும் உரசி நூல் கிளம்பும்.

அதனால் உடல் பகுதி சாதாப் பட்டாக, சரிகை முனையில் மட்டும் தெரிகிற மாதிரி துண்டு அடுக்குங்கள். நடுத்துண்டும் குறுகல் முனையும் வெளியே தெரியாதவை, அவற்றுக்கு அதே நிறத்தில் மெல்லிய சாதாப் பட்டு போட்டால் முடிச்சும் சின்னதாக அமையும்.

ஏழு மடிப்பு டைன்னு வீடியோல பார்த்தேன், கேன்வாஸே வேண்டாமாமே?

துணியையே உள்ளே உள்ளே மடித்துக் கேன்வாஸுக்குப் பதிலாக வைப்பது. நல்ல கனமான பட்டில் அருமையாக வரும், துணி மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கண்டாங்கியில் வேண்டாம். ஏழு மடிப்புப் பருத்தி என்றால் ஏழு இடத்தில் கசங்க இடம், திருப்பிக் கொண்டுவரக் கம்பளி கிடையாது.

டைக்குப் பின்னால ஒரு நூல் வளையமாத் தொங்குது, வெட்டிரட்டுமா?

வெட்டாதீர்கள்! தெரியாமல் வெட்டிவிட்டு வந்த டைகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. டையை மூடும் அந்த ஒற்றை நூல் வேண்டுமென்றே தளர்வாக ஓடுகிறது. கிராஸில் வெட்டிய துணி முடிச்சில் நீளும் என்று சொன்னேன் அல்லவா, துணி நீளும்போது தையலும் கூடவே நீள வேண்டும். அதற்காக முனையில் கொஞ்சம் நூலை மிச்சம் வைத்து வளையமாக விடுகிறோம். இழுத்தால் அந்த மிச்சம் உள்ளே போகும், தளர்ந்தால் வெளியே வரும்.

இதை மெஷினில் நெருக்கமாகத் தைத்தால் என்ன ஆகும்? துணி நீளப் பார்க்கும், தையல் விடாது, ஒன்று நூல் அறுபடும் அல்லது டை முழுக்க அலையலையாகச் சுருங்கும். கையால், ஒரு விரல் அகலத்துக்கு ஒரு தையல் என்று, மேல்துணியின் இரு மடிப்பையும் கேன்வாஸின் மேலிழையையும் மட்டும் கோத்துக்கொண்டு போங்கள். முன்பக்கத் துணியில் ஊசி படக் கூடாது. ஒரு முழம் தைத்ததும் நிறுத்தி, டையை இரு கையால் மெல்ல இழுத்து, நூலுக்கு இடம் கொடுத்துவிட்டுத் தொடருங்கள். என் கடையில் புதிதாகப் பழகும் பிள்ளைகள் அழகாக, நெருக்கமாக, இறுக்கமாகத் தைத்துக் காட்டுவார்கள். டையில் மட்டும் அந்த அழகு வேண்டாம் தம்பி என்று பிரிக்கச் சொல்வேன்.

45 டிகிரியாத்தான் வெட்டினேன், கேன்வாஸும் கிராஸ்தான், அப்பவும் முறுக்கிக்குது. ஏன்?

கோணம் சரியாக இருந்தும் துணியே கோணலாக இருந்திருக்கலாம். கைத்தறியிலும் சரி, ஆலைத் துணியிலும் சரி, அலசிக் காயப்போடும்போது ஊடு நூல் ஒரு பக்கம் சரிந்துவிடும். நீங்கள் கரையை வைத்து 45 டிகிரி எடுத்தால் பாவுக்கு அது சரி, ஊடுக்குச் சரியில்லை, இரண்டும் சமமில்லாமல் இழுக்கும், டை சுற்றும். வெட்டும் முன் ஒரு ஊடு நூலை உருவிப் பாருங்கள், அந்த இடைவெளி கரைக்குச் செங்கோணமாக இல்லையென்றால், துணியை லேசாக ஈரமாக்கிக் குறைந்த மூலையைப் பிடித்து இழுத்து நேராக்குங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் கேன்வாஸை வைத்தபோது அது உள்ளே ஒரு சுற்றுச் சுற்றியிருக்கலாம், அல்லது நூலை இறுக்கியிருப்பீர்கள். நூலைத் தளர்த்திப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் அதிலேயே சரியாகும். வெட்டிய துண்டுகளை உடனே தைக்காமல் ஒரு ராத்திரி தொங்கவிட்டுப் பிறகு தைப்பது என் பழக்கம், நீள வேண்டியது அப்போதே நீண்டுவிடும்.

முடிச்சுப் போடுற இடத்துல மட்டும் ஒரே கோடா விழுது, என்ன பண்றது?

முதலில் ஒரு கேள்வி. சாயங்காலம் டையை எப்படிக் கழற்றுகிறீர்கள்? முடிச்சைத் தளர்த்தித் தலை வழியாக எடுத்து, மறுநாள் அப்படியே மாட்டிக்கொள்கிறவர் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. பருத்தி பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள், வியர்வை ஈரத்தோடு மடங்கிய துணி ராத்திரி முழுக்க அதே மடிப்பில் காய்கிறது. குறுகல் முனையை உருவி இழுப்பதும் கூடாது. எப்படிக் கட்டினீர்களோ அதற்கு நேர் எதிராக ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, இரு கையால் மெல்ல நீவி, ஆணியிலோ கம்பியிலோ தொங்கவிடுங்கள். ஒரு நாள் கட்டினால் அடுத்த நாள் ஓய்வு. இரண்டு டை மாற்றி மாற்றிக் கட்டினால் ஒவ்வொன்றும் நீண்ட நாள் வரும்.

பெரிய வின்ட்சர் முடிச்சு போடுகிறவர்கள் சாதா முடிச்சுக்கு மாறினாலும் கோடு குறையும், மடங்குகிற இடமே கம்மி. முடிச்சுக்குக் கீழே நடுவில் விழும் ஒற்றைக் குழியைக் கசங்கல் என்று நினைத்துச் சிலர் கேட்கிறார்கள். அது அழகு, கிராஸ் சரியாக வெட்டிய டையில்தான் அப்படி விழும்.

தேய்ச்சேன், தட்டையா பளபளன்னு ஆயிடுச்சு. போச்சா?

பெரும்பாலும் போகவில்லை. ஓரத்தின் உருளை அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒரு முழம் உயரத்தில் டையைப் பிடித்து ஆவி காட்டுங்கள், தண்ணீர்த் துளி தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டில் துளி பட்டால் கறை நிற்கும். உள்ளே கம்பளி என்றால் அது ஆவியைக் குடித்து உப்புவதைக் கண்ணால் பார்க்கலாம். தட்டையாகக் கிடந்த ஓரம் மெல்ல மெல்ல உருளும். அப்படியே தொங்கவிட்டுக் காய விடுங்கள். ஒட்டும் கேன்வாஸ் வைத்த டை என்றால் இது நடக்காது.

இனிமேல் தேய்க்க வேண்டுமென்றால் மேலே ஈரத் துணி போட்டு, பெட்டியை அழுத்தாமல் தொட்டுத் தொட்டு எடுங்கள், ஓரம் வரைக்கும் போக வேண்டாம். துணி பளபளப்பாகவே நின்றுவிட்டால் இழையே கெட்டிருக்கிறது, அதற்கு வழியில்லை.

விருந்துல குழம்பு பட்டுருச்சு. கண்டாங்கிதானே, துவைச்சுக்கலாமா?

சேலையைத் துவைக்கலாம், டையைத் துவைக்கக் கூடாது. மேல்துணி பருத்தி, உள்ளே கம்பளி, முனையில் வேறு லைனிங், மூன்றும் மூன்று விதமாகச் சுருங்கும். எண்ணெய் பட்டதும் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, முகப்பவுடரைக் கெட்டியாகத் தூவி ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் தட்டுங்கள். நம் விருந்தென்றால் மஞ்சள் இருக்கும், சோப்புப் பட்டதும் அது சிவப்பாக மாறும், பதற வேண்டாம், மஞ்சளின் குணம் அது. அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து, அந்த இடம் மட்டும் படுகிற மாதிரி வெயில் காட்டினால் மஞ்சள் வெளிறிவிடும். டை முழுவதையும் வெயிலில் போட்டால் சாயமும் கூடவே வெளிறும்.

விருந்தில் உட்காரும்போது டை முனையைச் சட்டை இரண்டு பொத்தானுக்கு நடுவே செருகிக்கொள்ளுங்கள். இலையில் குனிந்து சாப்பிடுகிற ஊர் நம்முடையது.

எங்க ஐயா பினாங்குல இருந்தப்ப கட்டின டை, பெட்டியில மடிச்சே இருந்துச்சு. மடிப்பை எடுக்க முடியுமா?

ஒரு ஆச்சி வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டிக் கேட்டது இது. ஊதா நிறப் பட்டு, நடுவில் சரியாக நாலாக மடிந்த கோடு. முதலில் அந்தக் கோட்டின் மேல் வெளிச்சம் காட்டிப் பார்த்தேன். கோட்டில் இழைகள் அறுந்து ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அதை மறுபடி கட்டக் கூடாது. பழைய பட்டுகள் சிலவற்றில் எடை கூட்ட உலோக உப்பு ஏற்றியிருப்பார்கள், அவை மடிப்பிலேயே பொடியும். இதில் வெளிச்சம் தெரியவில்லை. தேய்க்காமல், போன கேள்விக்கு முந்தைய கேள்வியில் சொன்ன மாதிரி ஆவி மட்டும், நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினோம். கோடு முழுக்கப் போகவில்லை, நிழல் மாதிரி நிற்கிறது. பேரன் அதைக் கட்டிக்கொண்டுதான் கல்யாணத்தில் நின்றான்.

இந்த மாதிரி டை வீட்டில் இருந்தால் மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். உள்ளே கம்பளி இருக்கும், பூச்சிக்குப் பிடித்த சாப்பாடு அது, மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறிக் காற்றாட விடுங்கள். ஊருக்குப் போகும்போது பையில் வைப்பதற்கும் இதே சுருட்டல்தான், குறுகல் முனையிலிருந்து சுருட்டி ஒரு ஷூவுக்குள்ளோ டம்ளருக்குள்ளோ செருகினால் நசுங்காது.

ஹோட்டல் வேலைக்கு தினமும் கட்டணும், வாரம் ஒருதடவை துவைக்கணும், கசங்கவும் கூடாது. கண்டாங்கியில அப்படி ஒண்ணு தைக்க முடியுமா?

முடியும், ஆனால் இதுவரை சொன்னதில் சிலவற்றை மாற்ற வேண்டும். கம்பளிக்குப் பதில் பஞ்சு எழுப்பிய பாலியஸ்டர் கேன்வாஸ், அதுவும் கிராஸில். கம்பளி அளவுக்குத் திரும்பி வராது, தண்ணீரில் சுருங்காது. முனை லைனிங்குக்கு அதே கண்டாங்கித் துண்டு, அப்போதுதான் மேலும் கீழும் ஒன்றாக நடக்கும். மேல்துணியை ஒரு முறை அல்ல, மூன்று முறை அலசி உலர்த்திவிட்டு வெட்டுங்கள்.

முக்கியமானது பின்னால் ஓடும் நூல். அதை வழக்கமான நூலாக இல்லாமல் கொஞ்சம் தடித்த, கண்ணுக்குத் தெரியும் நூலாகப் போட்டுக் கொடுக்கிறேன், துவைக்கும் நாளில் அதை உருவிவிடலாம். கேன்வாஸை வெளியே எடுத்து, மேல்துணியைத் தனியாக அலசி, லேசான ஈரத்திலேயே தேய்த்து, கேன்வாஸை மறுபடி வைத்து, தளர்வாக ஒரே நூலில் தைக்க வேண்டும். மேல்துணி தட்டையாகக் கிடக்கும்போது தேய்ப்பதால் கோடெல்லாம் போகும், டை ஓரத்தை அமுக்குகிற பயமும் இல்லை. பழகிய கைக்கு இருபது நிமிட வேலை. கையில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இந்த மாதிரி தைத்துத் தருகிறேன், இல்லையென்றால் இரண்டு டை வாங்கிக்கொண்டு வாரக் கடைசியில் ஒன்றைக் கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.